கலைய மறுத்த மணல்

முற்றத்தில் மணல் வந்து இறங்கிய அன்று ரசமட்டம் சந்தோஷப்பட்டார் என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பட்டார். மூன்று லாரி மணல். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். தூசு இல்லை, பொடிக்கல் இல்லை, களிமண் ஒட்டவில்லை. இரண்டு முறை சலித்த சரக்கு. முப்பது வருடம் அடுத்தவர் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் பதித்த மனிதருக்கு அந்த மணல் சொன்ன சேதி ஒன்றுதான்: நம் முற்றத்துக்குத் தரை போடப் போகிறார்கள்.

அப்படி நினைக்க அவருக்கு நியாயம் இருந்தது. நான்கு பக்கமும் நான்கு மாடிக் குடியிருப்பு, நடுவே முற்றம், முற்றத்துக்கு ஒரே வாசல். அந்த வாசலுக்கு நேர் எதிர்க்கோடியில், தரைத்தளத்தில் அவர் வீடு. வீட்டின் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு கட்டடத்தின் சுவர். நடுவில் பல்லி மட்டுமே போகலாம். முற்றம் முழுக்கக் குண்டும் குழியும். அதைச் சமன்செய்து கொடுங்கள் என்று நான்கு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். தனக்காக இல்லை, மனைவிக்காக.

அவர் மனைவி ஒரு காலத்தில் துணிக்கடையில் நின்றவள். பாதி விலைக்குக் கேட்கிறவரை முக்கால் விலைக்கு ஏற்றி, அவரே ஜெயித்ததாக நம்பவைத்து அனுப்பும் வாய். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாய் மட்டும் பழைய நிலையில் இருந்தது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் காலை ஏழரைக்கு ஒரு வேன் வந்து அவளைச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு டயாலிசிஸ் மையத்துக்குப் போகும். ஒரு நாள் தவறினால் காலில் நீர் கோர்க்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சில் கை வைக்கும். மூன்று நாள் தொடர்ந்து தவறினால் அவளுடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இது மையத்தின் விதி. பட்டியலில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

ரசமட்டம் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தக் கருவி. டீக்கடை மேசை ஆடினால் காலுக்கடியில் காகிதம் மடித்து வைக்காமல் அவருக்கு டீ இறங்காது. கோணலைக் கண்டால் கை தானாகப் போகும். இந்தக் கை பின்னால் செய்யப்போகும் வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலுக்குப் பின்னால் ஒலிபெருக்கி வந்தது. ஒலிபெருக்கிக்குப் பின்னால் சமூகக் கணிதக் கலை ஆணையத்தின் கள அலுவலர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, அட்டையில் ஆணையத்தின் வாசகம்: ‘மக்களுக்குக் கணிதம், மணலுக்கு மக்கள்.’ இந்தக் குடியிருப்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று அந்த அம்மாள் அறிவித்தார். முற்றத்தில் நான்கு அங்குல உயரத்துக்கு மணல் பரப்பி, அதில் ஏழு வட்டங்களும் இருபத்துநான்கு முனை நட்சத்திரமும் வரையப்படும். எல்லாரும் பங்கேற்கலாம். பங்கேற்பு என்றால் என்ன என்று இரண்டாம் மாடியில் ஒருவர் கேட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது என்று பதில் வந்தது.

வரைந்தவர்கள் நான்கு ஒப்பந்தப் பணியாளர்கள். நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி, பல் வைத்த பலகையால் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு இழுத்தார்கள். ஒரே நாளில் முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வடக்குப் பக்க முனை ஒன்று அரை விரல் தள்ளிப் போயிருந்ததை ரசமட்டம் மட்டும் கவனித்து அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

விதிகள் ஒரு பலகையில் இருந்தன. மூன்று கட்டங்கள்: வரைதல், பார்வையிடல், அழிப்பு. அழிப்பு முடியும்வரை யாரும் மணலில் கால் வைக்கக் கூடாது. கால்தடம் பட்டால் முதல் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கும். கால் யாருடையதோ அவருடைய வீட்டு ஒதுக்கீடு மறுபரிசீலனைக்குப் போகும். எல்லாம் சேர்ந்து மூன்றே நாள். சுவரோரம் ஓரடி அகலத்துக்கு நடைவழி விட்டிருந்தார்கள். அதில் ஆள் போகலாம், நாற்காலி போகாது, வேன் கனவிலும் போகாது.

செவ்வாய்க்கிழமை காலை ரசமட்டம் மனைவியைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். தரையில் குந்தியே தேய்ந்த முழங்கால்கள். நூற்றுநாற்பத்திரண்டு அடி, ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஒரு சத்தம் போட்டது.

“கல்யாணமான புதுசுல தூக்கியிருந்தா எடையாவது கம்மியா இருந்திருக்கும்,” என்றாள் அவர் தோளில் இருந்தபடி.

“பேசாம வா.”

“நான் எங்க வரேன், நீங்கதானே போறீங்க.”

வாசலில் வேன் டிரைவர் வேனில் இருந்த மாற்று நாற்காலியை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். மூன்று நாள்தானே அக்கா என்றான். மூன்று நாள்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

புதன்கிழமை பார்வையிடல் நடக்கவில்லை. ஆணையத்தில் நட்சத்திரத்தைப் பார்வையிட ‘உதவி இயக்குநர், கோணங்கள்’ என்று ஒருவர் உண்டு. வட்டங்களைப் பார்வையிட ‘உதவி இயக்குநர், வளைகோடுகள்’ என்று இன்னொருவர் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் பார்வையிடல் செல்லும். வளைகோடுகள் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பியபோது கோணங்கள் பயிற்சிக்குப் போயிருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் பேசுவதில்லை என்பதால் தேதியைச் சேர்த்துவைக்கவும் ஆள் இல்லை.

வியாழனும் சனியும் ரசமட்டம் தூக்கிக்கொண்டுதான் போனார். நடுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். நோயாளி இருக்கிறாள், வாசல்வரை நாற்காலி போகும் அளவுக்கு மணலின் ஊடே ஒரு பாதை தேவை என்று தெளிவாக எழுதியிருந்தார். ஆணையம் அவர் நான்கு வருடத்தில் கண்டிராத வேகத்தில் செயல்பட்டது. சனிக்கிழமை அவர் மையத்திலிருந்து திரும்பி, மனைவியைத் தூக்கி வந்து கட்டிலில் விட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும்போது ஒப்பந்தப் பணியாளர்கள் சுவரோர நடைவழியில் மணல் கொட்டி எட்டாவது வட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் நான்கு சுவர்களையும் தொட்டது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு முதல் மாடி வராந்தாவிலிருந்து வெளித்தெருவுக்கு ஓர் இரும்பு ஏணி வைக்கப்பட்டது. ஏணியில் ஏற முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று விதிப்பலகையில் இல்லை.

கள அலுவலரான அந்த அம்மாளுக்கு உண்மையிலேயே முகம் மலர்ந்திருந்தது.

“உங்க மனுதான் இதுக்குக் காரணம். பாதை வேணும்னு கேட்டீங்க. பாதைன்னா என்ன, ஒரு கோடுதானே? மக்கள் ஒரு கோடு கூடுதலா கேக்கறாங்கன்னா அதை மறுக்கிற ஆணையம் இல்லை எங்களது. மனுவுல ‘நிறைவேற்றப்பட்டது’ன்னு போட்டுட்டேன்.”

ரசமட்டம் தன் மனைவி கட்டிலில் கிடப்பதைச் சொன்னார். அந்த அம்மாள் அதைக் கவனமாகக் கேட்டு, நோயாளிகளும் ஜன்னல் வழியாகப் பங்கேற்கலாம், படிவம் அனுப்பிவைக்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை காற்று வந்து பாதி நட்சத்திரத்தை அள்ளிக்கொண்டு போனது. மீண்டும் வரைந்தார்கள். செவ்வாய் காலை வேன் வாசலில் வந்து ஒலி எழுப்பியது. முற்றத்தின் இந்தக் கோடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ரசமட்டம் நின்றார். அந்தக் கோடியில் டிரைவர் நின்றான். நடுவில் எட்டு வட்டமும் ஒரு நட்சத்திரமும், விசிலோடு ஒரு காவலாளியும். இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேன் போயிற்று. ஒன்று.

மறுநாள் அவர் வீட்டை ஒட்டிய படிக்கட்டில் முதல் மாடிக்கு ஏறி, இரும்பு ஏணி வழியே தெருவில் இறங்கி ஆணையத்துக்கே போனார். ஐந்து மாடி. கீழே வரவேற்பு மேசையில் புள்ளிகள் பிரிவு, முதல் மாடியில் கோடுகள், அதற்கு மேல் கோணங்கள். வளைகோடுகள் நான்காம் மாடியில் இருந்தது. அங்கே போகும் படிக்கட்டு மட்டும் நேராக இருப்பதாக ஒரு புகார் நிலுவையில் இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் அவர் அதே கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கி, கடைசி மேசையில் “மூச்சு வாங்குது சார்” என்பது மட்டும் மிஞ்சியது. படி ஏறியதால் இருக்கும், உட்காருங்கள் என்றார்கள்.

ஒரு நன்மை நடந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இரு உதவி இயக்குநர்களும் வர ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இணை இயக்குநர் தலைமையில் அழிப்பு விழா. மக்கள் வெறுங்கையால் மணலைக் கலைப்பார்கள். ஏழே காலுக்கு முற்றம் திறந்துவிடும். ஆனால் பார்வையிடும்போது வடிவம் முழுசாக இருக்க வேண்டும். ஒரு முனை சரிந்திருந்தாலும் அடுத்த தேதி அடுத்த மாதம். ஒப்பந்தப் பணியாளர்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், அவர் டைல்ஸ் மேஸ்திரி என்பதை அறிந்து ரசமட்டத்தையே வட்டாரத் தன்னார்வலராக நியமித்து, வரைபடத்தையும் பல் வைத்த பலகையையும் கையில் கொடுத்தார்கள். அவர் வரைந்தபடியே பின்வாங்கி வெளியேற வேண்டும். பின்வாங்கும் கால் கணக்கில் வராது.

அவர் திரும்பியபோது காற்று மூன்றாவது வட்டம்வரை தின்றிருந்தது.

வியாழன் காலை வேன் மீண்டும் வந்து மீண்டும் போயிற்று. இரண்டு. அவள் கால்கள் செருப்புக்குள் போகவில்லை. படுத்தால் மூச்சு வரவில்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்திருந்தாள். பேச்சு நின்றுவிட்டது. வீட்டில் அவள் குரல் இல்லாமல் ரசமட்டம் இருந்தது இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது.

மதியம் காவலாளி சாப்பிடப் போனதும் அவர் வீட்டு மூலையில் கிடந்த வெள்ளை சிமெண்டு மூட்டைகளை எடுத்தார். டைல்ஸ் இடுக்கு பூச வாங்கி மீந்தவை. உத்தேசம் மிகச் சின்னது. மேல்மணலை அள்ளி, லேசாகச் சிமெண்டு கலந்து, தண்ணீர் தெளித்து, கோடு இழுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிவரை காற்றுக்குத் தாங்கும். சனிக்கிழமை கையால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். இருபது சட்டி மணலுக்கு ஒரு சட்டி போதும். அதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்: இருபதுக்கு ஒன்று.

ஆனால் கலந்தது கை. முப்பது வருடமாக அந்தக் கை மூன்று சட்டி மணலுக்கு ஒரு சட்டி சிமெண்டு போட்டுப் பழகியது. மனம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று என்று போட்டது. மேஸ்திரிகள் செய்வதுபோல அமுக்கியது, தேய்த்தது, சரிவு பார்த்தது. வடக்கு முனையின் அரை விரல் பிசகையும் போகிறபோக்கில் திருத்தியது. சாயந்திரம் அவரை அறியாமலே, பூச்சு இறுகத் தண்ணீர் தெளித்தது. வெள்ளி விடிந்ததும் மறுபடி தெளித்தது. மேஸ்திரியின் கைக்கு அரைகுறை வேலை செய்யத் தெரியாது. அதுதான் அவர் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை இரு உதவி இயக்குநர்களும் எதிரெதிர் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, நீண்ட கழியின் நுனியில் கட்டிய கருவியால் அளந்தார்கள். வளைகோடுகள் சீக்கிரம் முடித்தார். கோணங்கள் இருபத்துநான்கு முனையையும் இரண்டு முறை அளந்துவிட்டு வியர்த்துப்போனார்.

“பதினாலு வருஷமா அளக்கறேன்யா. ஒரு தடவைகூட இப்படிச் சரியா இருந்ததில்லை. எல்லாமே சரியா இருந்தா நான் எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். ஒண்ணே ஒண்ணைக் கொஞ்சம் கோணலா இழுத்து விடேன், நான் கண்டுபிடிச்சதா எழுதிக்கறேன்.”

ரசமட்டம் விரலால் ஒரு கோட்டை ரகசியமாக அழுத்திப் பார்த்தார். விரல்தான் வலித்தது. கை எந்தக் கணக்கில் கலந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முடியாது சார் என்றார். நேர்மையான ஆள் என்று எழுதிக்கொண்டு கோணங்கள் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. வாசலுக்கு வெளியே வேன். உள்ளே, திறந்த கதவுக்குள் சக்கர நாற்காலியில் மனைவி. உதடு நீலம் பாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ கேட்டு வாங்கி இழுத்துக்கொண்டிருந்தாள். இணை இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“நிலையாமை. இந்த ஒரு சொல்லை மக்களுக்கு உணர்த்தத்தான் நம்ம ஆணையம் இருபத்திரண்டு வருஷமா நிலையா இயங்கிட்டிருக்கு. எதுவும் நிரந்தரம் இல்லை. என் பதவியைக்கூட நான் நிரந்தரம்னு நெனச்சதில்லை. மூணு தடவை பணிநீட்டிப்பு வாங்கினப்பவும் அந்த உணர்வோடதான் வாங்கினேன். இந்தத் திட்டத்துல யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லைன்னு எங்க படிவங்கள் சொல்லுது. சிரமம்னு எழுத அதுல இடமே விடலை, அந்த அளவுக்கு யோசிச்சுப் பண்ணியிருக்கோம்.”

ஏழு இருபத்தைந்துக்குக் கைதட்டல். இணை இயக்குநர் குனிந்து முதல் கோட்டைத் தன் கையால் கலைத்தார். கோடு கலையவில்லை. இன்னொரு முறை கலைத்தார். மோதிரத்தில்தான் கீறல் விழுந்தது. கள அலுவலர் வந்து இரு கையாலும் துழாவினார். வளைகோடுகள் தன் வட்டத்தையும் கோணங்கள் தன் முனையையும் பிறாண்டினார்கள். குடியிருப்பே மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. கடைசியில் இணை இயக்குநர் நிமிர்ந்து, நகத்தில் ஒட்டிய வெள்ளையை முகர்ந்து பார்த்தார்.

கலந்தாலோசனை அங்கேயே நடந்தது. சிமெண்டு என்று எழுதினால் நேற்றுக் கையெழுத்துப் போட்ட இருவரும் மாட்டுவார்கள் என்பதால் அந்தச் சொல்லை யாரும் எடுக்கவில்லை. கடப்பாரை போடலாமா? உடைத்தல் வேறு, அழித்தல் வேறு. விதியில் உடைத்தல் இல்லை. அழிக்காமல் திட்டத்தை முடிக்கலாமா? முடியாது. முடியாத திட்டத்தின் முற்றத்தைத் திறக்கலாமா? அதெப்படி. தோல்வி என்று எழுதலாமா? படிவத்தில் அதற்கும் இடம் விட்டிருக்கவில்லை. ஆகவே நிபுணர் குழு அமையும்வரை முற்றம் மூடப்பட்டிருக்கும் என்று கள அலுவலர் மைக்கில் அறிவித்தார். வெளியே வேன் ஒருமுறை ஒலித்தது. அது கோபமாக ஒலிக்கவில்லை, கெஞ்சுவதுபோல ஒலித்தது.

ரசமட்டம் வீட்டுக்குள் போனார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். வாசல்படியில் இறக்கி, எட்டாவது வட்டத்தின் மேல் ஏற்றி, நேரே தள்ளிக்கொண்டு நடந்தார். காவலாளி விசிலை ஊதினான். சக்கரம் ஒவ்வொரு கோட்டிலும் தடதடவென்று ஆடியது. அவள் தலை ஆடியது. ஆனால் தரை அசையவில்லை. அருமையான தரை. நான்கு வருடமாக அவர் கேட்ட தரை.

“நில்லுங்க, என்ன பண்றீங்க நீங்க?” கள அலுவலர் குறுக்கே வந்து நின்றார்.

சந்தையில் விலை படியாமல் நடக்கத் தொடங்குகிறவனின் நிதானம் ரசமட்டத்துக்கு எங்கிருந்தோ வந்தது. இத்தனை வருடம் அவளோடு வாழ்ந்ததில் ஒட்டியதாக இருக்கலாம்.

“அழிக்கிறேன் மேடம்,” என்றார். “கையால தேய்ச்சா போகலை. சக்கரத்தால தேய்க்கிறேன். நான்தானே வட்டாரத் தன்னார்வலர்.”

கோணங்கள் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, சக்கரம் ஏறி இறங்கிய ஒரு கோட்டின் விளிம்பைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். வாசலில் டிரைவர் வேனின் கதவைத் திறந்துவைத்திருந்தான்.

“ஒரு துகள் உதிர்ந்திருக்கு,” என்றார் கோணங்கள். “அழிப்பு ஆரம்பமாயிடுச்சு.”

இணை இயக்குநர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவரே கைதட்டலைத் தொடங்கிவைத்தார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நாற்காலி வாசலைத் தாண்டியது. ஏழு ஐம்பத்தெட்டு. மையத்தில் அவள் இடம் அவளுக்கே இருந்தது.

பத்து நாள் கழித்து ஆணை வந்தது. அவள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, உரக்கப் படித்தாள். குரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. மேற்படி வடிவத்தின் அழிப்புப் பணி சக்கர நாற்காலி முறையில் தொடரும். வாரம் மூன்று நாள், போக வர இரண்டு உருட்டல். வளைகோடுகள், கோணங்கள் ஆகிய இரு பிரிவுகளின் கூட்டுக் கணக்குப்படி பணி முடிய நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகும். அழிப்பு சீராக நடக்க எடை மாறக் கூடாது என்பதால், நாற்காலியில் அமர்பவர் பணி முடியும்வரை மாற்றப்படக் கூடாது. அமர்பவர் முன்னறிவிப்பின்றி வராமல்போனால் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்படும்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, போன மாசம் டாக்டர் உங்களத் தனியாக் கூப்பிட்டு ஏதோ சொன்னாரே.”

அவர் குனிந்து, ஆடாத மேசையின் கால்களைச் சரிபார்த்தார்.

“எத்தனை நாள்னு அவர் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லலை. நானும் கேக்கலை.” ஆணையை ஒருமுறை நீவிவிட்டாள். “இங்க பாருங்க, இவங்க நூத்திப் பன்னிரண்டு வருஷம்னு எழுத்துல குடுத்திருக்காங்க. முத்திரையெல்லாம் இருக்கு.”

“ம்.”

“ரொம்ப ஜாஸ்தி சொல்றாங்க. நம்மகிட்ட அவ்வளவு தாங்காது. ஒரு மனு எழுதுங்க. பத்துன்னு கேளுங்க.” கொஞ்சம் யோசித்தாள். “படியலன்னா அஞ்சுக்கு இறங்கி வாங்க. அதுக்குக் கீழ போகாதீங்க.”

ரசமட்டம் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்து எழுதத் தொடங்கினார். முப்பது வருடம் நூல் பிசகாத கை. முதல் வரியே மட்டம் தப்பி வலது பக்கம் சரிந்து இறங்கியது. அவர் அதைப் பார்த்தார். திருத்தவில்லை.